எழுதத் தெரியாத உழவரின் எழுத்துச் சான்றுகள்: சக்காரி குளூத்தியே குடும்பத்தை முன்வைத்துப் பிரெஞ்சு-கனடியக் குடிவழி ஆய்வுமுறை

ஆய்வுச்சுருக்கம்

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்து உழவராக வாழ்ந்த ஒருவரின் குடிவழியை இன்றைய தலைமுறை வரை ஆவண வழியில் நிறுவ இயலும். அம்மூதாதையர் பலர் கையொப்பமிடவும் அறியாதவர்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பங்குத்தந்தையரும் நோட்டரிகளும் அரசு அலுவலரும் ஆவர். இம்மூவகை எழுத்தும் வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றியவை. அந்நோக்கங்களை அறிந்து, ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கும்போதே குடிவழி வரலாறாகிறது என்பதை இக்கட்டுரை சக்காரி குளூத்தியே என்பவரின் குடும்பத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. அதே ஆவணங்கள் யாருக்கு மூதாதையரை அளிக்கின்றன, யாருக்கு அளிக்க மறுக்கின்றன என்னும் வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: குடிவழி ஆய்வு, புதிய பிரான்சு, கியூபெக், பங்குப் பதிவேடு, நோட்டரி ஆவணம், நிலக்கிழார் முறை.

முன்னுரை

1634ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று, பிரான்சின் பெர்ஷ் பகுதியிலுள்ள மோர்த்தாஞ் நகரில், ஒரு நோட்டரியின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு, கனடாவில் போபோர் என்னும் நிலப்பகுதியை அவ்வாண்டின் தொடக்கத்தில் மானியமாகப் பெற்றிருந்த ரொபேர் ழிஃபார். மறுதரப்பினர் இருவர்: கொத்தர் ழான் குய்யோன், தச்சர் சக்காரி குளூத்தியே. இவ்விருவரும் கடல் கடந்து சென்று ழிஃபாருக்காகக் கட்டட வேலைகளும் நிலந்திருத்தும் வேலைகளும் செய்வது என்றும், அதற்கு ஈடாகப் போபோரில் அவர்களுக்கு நிலம் வழங்கப்படுவது என்றும் முடிவாயிற்று. அவ்வாண்டுக் கோடையில் அவர்கள் கியூபெக்கை அடைந்தனர்.

குளூத்தியேக்கு எழுதத் தெரியாது. ஆவணங்களின் அடியில் அவர் கையொப்பத்திற்குப் பதிலாகக் கோடரி ஒன்றின் வடிவத்தை வரைந்தார். தம் கைப்பட ஒரு சொல்லும் விட்டுச் செல்லாத அவரைப் பற்றி, பிறந்த ஊர், மணம் புரிந்த நாள், மக்கள், நிலம், விற்பனை, அடக்கம் ஆகிய அனைத்தும் இன்று அறியக் கிடைக்கின்றன. மோந்திரியால் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் கணக்கிட்டபடி, 1800க்கு முன் மணம் புரிந்த அவருடைய வழித்தோன்றல்கள் மட்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர். குடியேறிய முன்னோடிகளுள் மிகுதியான வழித்தோன்றல்களைக் கொண்டவர் அவரே.

எழுத்தறியாத ஓர் உழவுக் குடும்பத்திற்கு இத்தகைய தொடர்ச்சியான எழுத்து வரலாறு எவ்வாறு வாய்த்தது? அவ்வரலாற்றை எவ்வாறு படிக்க வேண்டும்? அதன் எல்லைகள் யாவை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘அபித்தான்’ என்னும் சொல்

ஆவணங்களைத் தேடுவதற்கு முன் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. பிரான்சில் உழவரைக் குறித்த சொல் ‘பேய்சான்’ என்பதாகும். கனடாவில் நிலம் பெற்றுக் குடியமர்ந்தவர் தம்மை ‘அபித்தான்’ என்றே அழைத்துக்கொண்டார். நேர்ப்பொருளில் இதனைக் ‘குடியிருப்பாளர்’ எனலாம். நிலையான நில உரிமை உடையவர் என்னும் மதிப்பும் அச்சொல்லில் அடங்கியிருந்தது. ஆகவே பதிவேட்டில் ஒருவர் அபித்தான் எனக் குறிக்கப்பட்டிருந்தால், அவர் பெயரில் நிலம் இருந்திருக்க வேண்டும், அந்நிலத்திற்கு ஓர் ஆவணம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கலாம். தச்சராக வந்த குளூத்தியே நிலம் பெற்று அபித்தான் ஆனார். தொழிற்பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் அவரது வாழ்வின் பெரும்பகுதியைத் தவறவிடுவார். குடும்பப் பெயரும் இவ்வாறே வழிதவறச் செய்யக்கூடும். ‘குளூத்தியே’ என்பதற்கு ஆணி செய்பவர் என்று பொருள். அது அவருக்கு முந்திய ஏதோவொரு தலைமுறையின் தொழிலைக் குறிக்கலாம். அவருடைய தொழிலை அன்று.

பங்குப் பதிவேடு: சங்கிலியின் கண்ணிகள்

பிரான்சில் திருமுழுக்குகளைப் பதிவு செய்யுமாறு 1539ஆம் ஆண்டின் வில்லேர்-கொத்தரே அரசாணை பணித்தது. 1579ஆம் ஆண்டின் புளுவா அரசாணை திருமணத்தையும் அடக்கத்தையும் அதனுடன் சேர்த்தது. 1667ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பதிவேட்டையும் இரு படிகளாக எழுதி, ஒன்றைப் பங்கிலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்குமாறு விதித்தது. இம்முறை கனடாவிலும் வேரூன்றியது. 1763இல் கனடா ஆங்கிலேயர் வசமான பின்னும் கத்தோலிக்கப் பங்குகளே பதிவுப் பணியைத் தொடர்ந்தன. கியூபெக் மாநிலத்தில் 1994 வரை சமயப் பதிவேடே குடிமைப் பதிவேடாகவும் செயற்பட்டது. ஆட்சி மாறியும் பதிவு முறை அறுபடாமையே இங்குக் குடிவழி ஆய்விற்கு வாய்த்த முதல் நல்வாய்ப்பாகும்.

மூவகைப் பதிவுகளுள் ஆய்வாளர் முதலில் தேட வேண்டியது திருமணப் பதிவையே. திருமுழுக்குப் பதிவு குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியோரின் பெயர்களைத் தரும். ஆயினும் ஒரே பெயருடைய குழந்தைகள் ஒரே பங்கில் பலர் இருக்கக்கூடும். அவர்களுள் எவர் வளர்ந்து மணம் புரிந்தார் என்பதை அப்பதிவு சொல்லாது. அடக்கப் பதிவில் கூறப்படும் வயது பெரும்பாலும் தோராயமானது. திருமணப் பதிவோ மணமக்கள் இருவருடைய பெற்றோரையும், அவர்கள் சார்ந்த பங்குகளையும் பொதுவாகக் குறிப்பிடுகிறது. மறுமணமாயின் பெற்றோருக்குப் பதிலாக இறந்துபட்ட துணையின் பெயரே குறிக்கப்படுவதும் உண்டு; அப்போது முதல் மணத்தின் பதிவைத் தேட வேண்டும். ஒரு திருமணத்திலிருந்து மணமக்களுடைய பெற்றோரின் திருமணத்திற்கும், அதிலிருந்து அவர்தம் பெற்றோரின் திருமணத்திற்கும் செல்லலாம். கியூபெக் குடிவழி ஆய்வு முழுவதும் திருமணம் என்னும் கண்ணிகளால் கோக்கப்பட்ட சங்கிலி எனலாம்.

இச்சங்கிலியை வலுப்படுத்தும் மற்றொரு வழக்கம், பெண்கள் தம் பிறந்த குடும்பப் பெயரை ஆவணங்களில் இழப்பதில்லை என்பதாகும். குளூத்தியேயின் மகள் லூயீஸ் மும்முறை மணம் புரிந்தார்: 1645இல் மொழிபெயர்ப்பாளர் பிரான்சுவா மார்கரியை, அவர் நீரில் மூழ்கி இறந்தபின் 1648இல் ழான் மிஞ்ஞோவை, 1684இல் மூன்றாம் கணவரை. மூன்றிலும் அவர் லூயீஸ் குளூத்தியேதான். கணவன் பெயரால் பெண்ணின் பெயர் மறைக்கப்படும் ஆவண மரபுகளில் தாய்வழியைத் தேடுவது கடினம். இங்குத் தந்தைவழியும் தாய்வழியும் ஏறத்தாழ ஒரே அளவு தெளிவுடன் கிடைக்கின்றன.

மூன்றாவதாக, உறவுத் தடை விலக்கு பற்றிய குறிப்புகளும் சான்றாகப் பயன்படுகின்றன. நான்காம் படிநிலை வரையிலான இரத்த உறவினர் மணம் புரியத் திருச்சபை தடை விதித்திருந்தது. இத்தடை மணமக்களின் ஓட்டன், ஓட்டி தலைமுறை வரை நீள்வது. சிறிய ஊர்களில் இத்தடையைத் தவிர்ப்பது அரிதாகையால் விலக்கு கேட்டுப் பெறுவது வழக்கமாயிற்று. அவ்விலக்கு திருமணப் பதிவிலும் குறிக்கப்பட்டது. ஆய்வாளர் தாம் வரைந்த குடிவழிப்படத்தில் அவ்விருவருக்கும் அப்படிநிலையில் பொது மூதாதையர் இல்லையெனில், படத்தில் எங்கோ பிழை உண்டு என்று முடிவு செய்யலாம். திருச்சபைச் சட்டத்தின் ஒரு தடை, பிற்கால ஆய்வாளருக்குச் சோதனைக் கருவியாக அமைகிறது.

எரிந்த பதிவேடும் எஞ்சிய ஒப்பந்தமும்

பதிவேடுகள் அழிவிற்கு அப்பாற்பட்டவை அல்ல. 1640 ஜூனில் கியூபெக்கின் நோத்ர்-தாம்-த-லா-ரெக்குவ்ரான்ஸ் ஆலயம் தீக்கிரையானபோது, அதுவரை எழுதப்பட்ட பதிவேடுகளும் எரிந்தன. இயேசு சபையினர் அப்பதிவுகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதினர். ஆகவே 1640க்கு முந்திய கியூபெக் பதிவுகளில் ஆய்வாளர் காண்பவை மூலப் பதிவுகள் அல்ல. நினைவின் வழி அமைந்த மறுபதிவுகள். நாட்களிலும் பெயர்களிலும் பிழை இருக்க இடமுண்டு என்னும் எச்சரிக்கையுடனேயே அவற்றைக் கையாள வேண்டும்.

குளூத்தியே குடும்பம் இவ்விடத்தில் ஓர் அரிய சான்றை அளிக்கிறது. மகள் ஆன் குளூத்தியேக்கும் ரொபேர் துரூவேன் என்பவருக்கும் 1637 ஜூலை 12 அன்று திருமணம் நடந்ததாக மறுபதிவு கூறுகிறது. மூலப்பதிவு எரிந்துவிட்டது. ஆனால் அத்திருமணத்திற்காக ஓராண்டு முன்னதாக, 1636 ஜூலை 27 அன்று, எழுதப்பட்ட ஒப்பந்தம் பிழைத்திருக்கிறது. கனடாவில் எஞ்சியுள்ள திருமண ஒப்பந்தங்களுள் அதுவே மிகப் பழமையானது. எழுத்தறிந்தவரான கொத்தர் ழான் குய்யோனே அதனை வரைந்தார்.

மோர்த்தாஞ் பதிவேட்டின்படி ஆன் பிறந்தது 1626இல். ஒப்பந்தத்தின்போது அவருக்கு வயது பத்து, திருமணத்தின்போது பதினொன்று. குடியேற்றத்தில் பெண்கள் மிகச் சிலராக இருந்த காலத்தின் அழுத்தத்தை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன. பிரான்சிலுள்ள திருமுழுக்குப் பதிவு, கியூபெக்கில் எழுதப்பட்ட ஒப்பந்தம், நினைவிலிருந்து எழுதப்பட்ட திருமணப் பதிவு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால்தான் இச்செய்தி வெளிப்படுகிறது. எந்த ஓர் ஆவணமும் தனித்து நின்று இதனைச் சொல்வதில்லை.

நோட்டரி ஆவணங்கள்: பெயரிலிருந்து வாழ்க்கைக்கு

பங்குப் பதிவேடு ஒருவரின் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைச் சொல்லும். அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்பவை நோட்டரி ஆவணங்கள். பிரெஞ்சு மரபில் நோட்டரி மூல ஆவணத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தரப்பினருக்குப் படி வழங்குவார். நோட்டரியின் காலத்திற்குப்பின் அத்தொகுப்பு நீதிமன்றக் காப்பகத்தைச் சேரும். அத்தொகுப்புகள் இன்று கியூபெக் தேசிய நூலக ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

ஓர் உழவுக் குடும்பம் இத்துணை ஆவணங்களை எழுதுவித்ததற்குக் காரணம் சட்டமே. 1664 முதல் புதிய பிரான்சில் பாரிசு வழக்குச் சட்டமே நடைமுறைச் சட்டமாயிற்று. அதன்படி கணவன் மனைவி இருவரும் திருமணத்திற்குப்பின் ஈட்டிய உடைமை பொதுவுடைமை. ஒருவர் இறந்தால் பாதி எஞ்சியவருக்கும், மறுபாதி மக்கள் அனைவருக்கும் உரியது. உயர்குடியினர் அல்லாதாரிடையே ஆண், பெண் என்னும் வேறுபாடின்றிப் பங்கு சமமாகப் பிரிக்கப்பட்டது. சிறு பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்து, மற்றவர் மறுமணம் புரிய நேர்ந்தால், பிள்ளைகளின் பங்கைக் காக்க உடைமைப் பட்டியல் எழுதப்பட்டது. கொப்பரை, படுக்கை, ஏர், மாடு, களஞ்சியத்துத் தானியம், கொடுக்கல் வாங்கல், பெட்டியில் கிடந்த பழைய பத்திரங்கள் என அனைத்தும் அதில் இடம்பெற்றன. பத்திரங்களின் பட்டியல் குறிப்பாகப் பயனுடையது; தொலைந்துபோன ஆவணம் ஒன்றின் நாளையும் எழுதிய நோட்டரியின் பெயரையும் அதிலிருந்து அறிய முடிகிறது.

சமபங்கு விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் நிலம் சில தலைமுறைகளில் துண்டு துண்டாகிவிடும். ஆகவே முதுமையடைந்த பெற்றோர் உயிருடனிருக்கும்போதே நிலத்தை ஒரு மகனுக்குக் கொடையாக எழுதிவைத்து, அதற்கு ஈடாகத் தமக்கு ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய கோதுமை, இறைச்சி, விறகு, உடை, இருப்பிடம் ஆகியவற்றை வரையறுத்துக்கொள்வது பரவலான வழக்கமாயிற்று. ஏனைய மக்களுக்கு அம்மகன் ஈடு செலுத்துவார், அல்லது அவர்கள் புதிய நிலம் தேடிச் செல்வர். ஒரு கிளை ஏன் பழைய ஊரில் நிலைத்தது, மற்றொரு கிளை ஏன் புதிய பங்கிற்குப் பெயர்ந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் இத்தகைய கொடைப் பத்திரத்தில்தான் கிடைக்கும்.

நிலமும் நிலக்கிழார் முறையும்

புதிய பிரான்சில் நிலம் மன்னரிடமிருந்து நிலக்கிழாருக்கும், நிலக்கிழாரிடமிருந்து உழவருக்கும் வழங்கப்பட்டது. உழவர் தம் நிலத்தை விற்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் ஆண்டுக் குடிவரியும் வாடகையும் செலுத்த வேண்டும். நிலத்தை விற்றால் விலையில் ஒரு பங்கு நிலக்கிழாரைச் சேரும். இம்முறை 1854 வரை நீடித்தது. வரி தண்ட வேண்டியிருந்தமையால் நிலக்கிழார் தம் குடிகளின் பெயர், நிலம், வரி ஆகியவற்றின் பட்டியலைப் பேணினார். அப்பட்டியல்களும் குடிவழி ஆய்விற்கு முதன்மைச் சான்றுகளாகும்.

நிலத்தின் வடிவமும் ஆய்விற்கு உதவுகிறது. ஆறே சாலையாக இருந்தமையால் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆற்றுமுகப்பு தேவைப்பட்டது. நிலம் குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்ட நாடாக்களாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 58.5 மீட்டர் கொண்ட அளவு ஓர் அர்பான். மூன்று அர்பான் முகப்பும் முப்பது அர்பான் ஆழமும் கொண்ட ஒரு நிலம் ஏறத்தாழ 31 ஹெக்டேர், அதாவது 76 ஏக்கர் அளவுடையது. இத்தகைய நிலத்தின் பத்திரம் இருபுறத்து அண்டைவீட்டாரின் பெயர்களையும் எல்லையாகக் குறிக்கும். தமிழகப் பத்திரங்களில் நான்கெல்லை கூறும் மரபை அறிந்த ஆய்வாளருக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். அண்டையவரின் ஆவணத்தில் நம் மூதாதையர் எல்லையாக நிற்பார். அவர்தம் சொந்தப் பத்திரம் தொலைந்திருந்தாலும் அவர் அங்கிருந்தமை உறுதிப்படும். 1709இல் கெதியோன் த கத்தலோஞ் மேற்பார்வையில் வரையப்பட்ட கியூபெக் வட்டார நிலப்படத்தில் ஒவ்வொரு நாடாவிலும் உடையவரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. மணவுறவுகள் பெரும்பாலும் அண்டை நிலங்களுக்கிடையே நிகழ்ந்தமையை அப்படத்தையும் திருமணப் பதிவையும் ஒப்பிட்டுக் காணலாம்.

குளூத்தியே ழிஃபாரிடம் பெற்ற நிலம் ‘லா குளூத்தெரி’ என அவர் பெயராலேயே வழங்கியது. நிலக்கிழாருக்குரிய மரியாதையைச் செலுத்தும் பொருட்டுக் குளூத்தியே, குய்யோன் ஆகிய இருவருக்கும் ழிஃபாருக்கும் பிணக்கு நேர்ந்து, ஆளுநர்வரை சென்றது. உழவர் அடங்கி ஒடுங்கிய குடியாகவே வாழ்ந்தார் என்னும் பொதுக்கருத்தை இவ்வழக்கு ஐயுறச் செய்கிறது. பின்னர் ஷாத்தோ-ரிஷேயில் வேறு நிலம் பெற்ற அவர், 1670இல் லா குளூத்தெரியை விற்றார். 1677 செப்டம்பர் 17 அன்று ஷாத்தோ-ரிஷேயில் அடக்கம் செய்யப்பட்டார். பதிவேட்டை மட்டும் காண்பவருக்கு அவர் போபோரில் தொடங்கி ஷாத்தோ-ரிஷேயில் முடிந்த இரு குறிப்புகள். இடைப்பட்ட வாழ்வை நிரப்புபவை நில ஆவணங்களே.

கணக்கெடுப்புகள்

ஆட்சியர் ழான் தலோன் மேற்கொண்ட 1666ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 3,215 குடியேறியோரைப் பெயர், வயது, தொழில், மணநிலை ஆகியவற்றுடன் பதிவு செய்தது. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு கால்நடைகளையும் திருத்திய நிலத்தின் அளவையும் சேர்த்தது. 1681ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் துப்பாக்கிகளும் எண்ணப்பட்டன. ஒரு குடும்பத்தின் திருத்திய நிலம் 1667க்கும் 1681க்கும் இடையே எவ்வளவு பெருகியது என்பதைக் காண்பது, அக்குடும்பத்தின் உழைப்பை அளக்கும் ஒரு வழியாகும். ஆயினும் கணக்கெடுப்பில் கூறப்படும் வயதைத் திருமுழுக்குப் பதிவுடன் ஒப்பிடாமல் ஏற்கலாகாது. கணக்கெடுப்பில் விடுபட்டவரும் உளர். இரு இடங்களில் எண்ணப்பட்டவரும் உளர்.

பெயர் தரும் இடர்கள்

பிரெஞ்சு-கனடியக் குடிவழி ஆய்வில் மிகுதியான பிழைகள் பெயரிலிருந்தே தோன்றுகின்றன. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ‘தி’ என்னும் சொல்லால் இணைக்கப்படும் மாற்றுப்பெயர். தமிழ்ப் பத்திரங்களில் வழங்கும் ‘என்கிற’ என்பதற்கு இது நிகரானது. லூயீஸின் இரண்டாம் கணவர் ‘ழான் மிஞ்ஞோ என்கிற ஷாத்திய்யோன்’. படைவீரர்களுக்குப் போர்ப்பெயர் சூட்டும் வழக்கம் இத்தகைய பெயர்களைப் பெருக்கியது. 1665இல் வந்த கரிஞான்-சலியேர் படைப்பிரிவினருள் பல நூறு பேர் கனடாவிலேயே குடியமர்ந்தனர். அவர்தம் போர்ப்பெயர்கள் மக்களுக்கும் வழங்கின. ஒரு மகன் குடும்பப் பெயரையும் மற்றொருவன் மாற்றுப்பெயரையும் கொள்ள, ஓரிரு தலைமுறைகளில் உடன்பிறந்தார் வழியினர் வேறு வேறு குடும்பத்தினராகத் தோன்றுவர்.

இரண்டாவது, ஒரே பெயர் தலைமுறைதோறும் மீளுதல். குளூத்தியேயின் மூத்த மகன் பெயரும் சக்காரியே. அவர் 1648இல் பிரான்சின் லா ரொஷேலில் மணம் புரிந்தார். ஆகவே குடியேறிய குடும்பத்தின் பதிவு முழுவதும் கனடாவிலேயே இருக்கும் என்று கொள்வது தவறு. அதே ஆண்டில் இளையவர் ழான், ஆபிரகாம் மார்த்தேனின் மகளைக் கியூபெக்கில் மணந்தார். பிற்காலத்தில் போர்க்களமாகப் புகழ்பெற்ற ஆபிரகாம் சமவெளி இம்மார்த்தேனின் பெயரால் வழங்குவதே.

மூன்றாவது, எல்லை கடக்கும்போது பெயர் மாறுதல். 1840க்கும் 1930க்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் கியூபெக்கிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றனர். நிலம் போதாமையும் ஆலைகளின் கூலியும் இதற்குக் காரணங்கள். அங்கு ‘புவாவேர்’ என்பார் ‘கிரீன்வுட்’ ஆகவும், ‘ருவா’ என்பார் ‘கிங்’ ஆகவும் பொருள் பெயர்க்கப்பட்டனர். இத்தகையோரின் மூதாதையரைத் தேடுபவர், பெயரை விட்டுவிட்டுக் கணவன் மனைவி இணையின் முதற்பெயர்களையும் அவர்கள் பிறந்த பங்கையும் பற்றிச் செல்வதே பொருத்தமானது.

தொகுப்புகளும் அவற்றின் நம்பகமும்

சிப்ரியேன் தாங்கே என்னும் குருவானவர் 1871க்கும் 1890க்கும் இடையே ஏழு தொகுதிகளாக வெளியிட்ட கனடியக் குடும்பங்களின் குடிவழி அகராதி இத்துறையின் முதற்பெருநூல். ஒருவரே பங்கு பங்காகச் சென்று திரட்டிய அந்நூலில் ஒரே பெயருடையோரை ஒருவராகக் கொண்ட இடங்களும், விடுபாடுகளும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு முதல் 1730 வரையிலான குடும்பங்களை மறுஆய்வு செய்து ரெனே ழெத்தே 1983இல் வெளியிட்ட அகராதி அவற்றுள் பலவற்றைத் திருத்தியது. 1966இல் உபேர் ஷார்பொன்னோ, ழாக் லெகாரே ஆகியோர் மோந்திரியாலில் தொடங்கிய திட்டம் பதிவேடுகள் அனைத்தையும் கணினியில் இணைத்துக் குடும்பங்களை மீட்டமைத்தது. ழெரார் பூஷார் சகுனே வட்டாரத்தில் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய ‘பால்சாக்’ தரவுத்தளம் பிற்காலத் தலைமுறைகளுக்கும் இதனை நீட்டியது.

தொகுப்பு என்பது வழிகாட்டி. சான்று என்பது மூலப்பதிவு. ஒரு தொகுப்பில் காணும் இணைப்பை மூலத் திருமணப் பதிவின் படத்துடன் ஒப்பிடுவதும், அது எந்தச் சான்றின்மேல் அமைந்தது எனக் குறித்து வைப்பதும் ஆய்வாளரின் கடமை. பிறர் வரைந்த குடிவழிப்படத்தைப் படியெடுக்கும்போது ஒரு பிழை நூறு குடும்பங்களின் வரலாறாகிவிடுகிறது.

குடிவழி எதற்காக?

பன்னிரு தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உண்டு. 1663இல் புதிய பிரான்சில் வாழ்ந்த குடியேறியோரோ சுமார் மூவாயிரவர். ஒருவரே பல வழிகளில் மூதாதையராவது தவிர்க்க இயலாதது. எனவே குளூத்தியேயின் வழிவந்தோம் என்பது பிரெஞ்சு-கனடியரிடையே தனிச்சிறப்பு அன்று, பொதுவுடைமை. குடிவழியைக் குலப்பெருமைக்குச் சான்றாக்குவோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் மற்றொரு விளைவு மருத்துவம் சார்ந்தது. சில நூறு குடும்பங்களிலிருந்து பெருகிய சகுனே-லாக்-சேன்-ழான் வட்டாரத்தில், டைரோசினீமியா என்னும் கல்லீரல் நோயின் மரபணுவை ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் தாங்குகின்றனர். உழவர் வீட்டுத் திருமணப் பதிவுகளைக் கொண்டு அமைந்த தரவுத்தளங்களே இத்தகைய நோய்களின் பரவலை விளக்க உதவின. தாய்வழியும் தந்தைவழியும் ஒருங்கே பதிவாகியிருப்பதன் பயன் இங்கு உயிர் காக்கும் பயனாகிறது.

அதே பதிவேடுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. புதிய பிரான்சிலும் அதன்பின்னும் அடிமைகளாக வாழ்ந்த நாலாயிரத்திற்கும் மேற்பட்டோரை மார்செல் துருதேல் ஆவண வழி கண்டறிந்தார். அவர்களுள் பெரும்பாலோர் முதற்குடி மக்கள்; ஏனையோர் ஆப்பிரிக்க வழியினர். அவர்களும் திருமுழுக்குப் பெற்றனர், அடக்கம் செய்யப்பட்டனர். ஆனால் அவர்தம் பதிவில் பெற்றோரின் இடத்தைப் பெரும்பாலும் உடைமையாளரின் பெயரே நிரப்புகிறது. பெற்றோர் பெயரே சங்கிலியின் கண்ணியாக இருக்கும் முறையில், அது இல்லாதவருக்கு முதல் தலைமுறையிலேயே வழி அறுந்துவிடுகிறது. நிலப் பத்திரங்களும் இவ்வாறே. மன்னர், நிலக்கிழார், உழவர் என்னும் வரிசையை அவை தவறாமல் கூறும். அந்நிலத்தில் முன்னரே வேட்டையாடியும் பயணித்தும் வாழ்ந்த முதற்குடி மக்களின் உரிமையை அவை கூறுவதில்லை. ஓர் உழவு மூதாதையின் வரலாற்றை நேர்மையாக எழுதுபவர், அவர் திருத்திய நிலத்தின் வரலாற்றையும் அதனுடன் எழுதக் கடமைப்பட்டவர்.

புதுச்சேரி ஆய்விற்கு ஒரு குறிப்பு

இருபடிப் பதிவு என்னும் பிரெஞ்சு மரபு தமிழ்நிலத்தையும் தொட்டுள்ளது. 1776ஆம் ஆண்டு அரசாணை, பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பதிவேடுகளுக்கு மேலும் ஒரு படி எழுதி வெர்சாய்க்கு அனுப்புமாறு பணித்தது. கனடா அதற்கு முன்பே கைமாறிவிட்டதால் அவ்வாணைக்குள் வரவில்லை; புதுச்சேரியும் காரைக்காலும் வந்தன. அப்படிகளின் வழிவந்த தொகுப்பு இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரின் கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளது. புதுச்சேரிக் குடும்பங்களை ஆராய்வோர், கியூபெக் ஆய்வாளர் வகுத்த இருவழிமுறையை, அதாவது திருமணப் பதிவை முதன்மைக் கண்ணியாகக் கொள்ளுதல், நோட்டரி ஆவணத்தால் அதனைச் சரிபார்த்தல் என்பதைத் தம் சூழலுக்கேற்பப் பயன்படுத்தலாம்.

முடிவுரை

பிரெஞ்சு-கனடிய உழவு மூதாதை ஒருவரின் வரலாறு, அவரை நினைவில் நிறுத்தும் நோக்கமின்றி எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து மீட்கப்படுகிறது. பங்குத்தந்தை திருவருட்சாதனத்தைப் பதிந்தார். நோட்டரி உடைமையைப் பதிந்தார். நிலக்கிழார் வரியைப் பதிந்தார். ஆட்சியர் ஆட்களையும் மாடுகளையும் எண்ணினார். திருமணப் பதிவு தலைமுறைகளை இணைக்கிறது; நோட்டரி ஆவணம் அவ்விணைப்பைச் சரிபார்த்து வாழ்க்கையை நிரப்புகிறது; நில ஆவணம் குடும்பத்தை இடத்தில் நிறுத்துகிறது. பதிவேடு எரிந்த இடத்தில் ஒப்பந்தம் துணைநிற்பதை ஆன் குளூத்தியேயின் திருமணம் காட்டியது. பதிவு யாரால், எதற்காக எழுதப்பட்டது என்னும் வினாவை ஒவ்வோர் ஆவணத்தின் முன்னும் எழுப்புவதே இம்முறையின் அடிப்படை. அவ்வினாவே, குளூத்தியே வரைந்த கோடரிக் குறியை நாம் காண முடிவதற்கும், அதே ஊர்களில் வாழ்ந்த அடிமை ஒருவரின் தாய் தந்தையரை அறிய முடியாமற்போவதற்கும் உரிய காரணத்தை ஒருங்கே விளக்குகிறது.